பார்வையின் பாடம் சொன்ன ஹெல்ம்ஹோல்ட்ஸ்

பதுளை வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் முதியோர் பலர். அதிகாலையிலேயே மலையிறங்கி, பஸ் ஏறி வந்து, துண்டுச் சீட்டைக் கையில் பிடித்தபடி காத்திருப்பார்கள். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் ஓய்ந்த கைகள் அவை. ஒருவருக்குக் கண்ணில் வெண்புரை; இன்னொருவருக்கு நீரிழிவால் வந்த கோளாறு; வேறொருவருக்கு வயதோடு வரும் வெள்ளெழுத்து. சத்திரசிகிச்சை முடிந்தோ புதிய மூக்குக்கண்ணாடியோடோ லயத்துக்குத் திரும்பும் இவர்களில் சிலர், மூன்றாம் நாளே கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். தரை எழும்பி வருகிறது, படி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, தலை சுற்றுகிறது என்பவை அவர்கள் கூறும் காரணங்கள். கண்ணாடி பிழை என்று வீட்டாரும் முடிவு கட்டிவிடுகின்றனர்.

கண்ணாடி பிழையாக இருக்கவும் கூடும். ஆனால் பல வேளைகளில் பிழை கண்ணாடியிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. பல ஆண்டுகளாக மங்கிய, வளைந்த, மஞ்சள் படிந்த காட்சிகளுக்குப் பழகிப்போன மூளை, திடீரென மாறிய காட்சியைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கற்றலுக்குச் சில நாட்கள் வேண்டும். சில வேளை சில வாரங்கள் வேண்டும். வளர்ந்த மனிதரின் மூளையும் பார்க்கக் கற்றுக்கொண்டேயிருக்கிறது என்பதை எளிய பரிசோதனையால் உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர், ஜேர்மனிய அறிஞர் ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். கண் வைத்தியர் நம் கண்ணருகே குனிந்து உட்புறத்தைப் பார்க்கப் பயன்படுத்தும் கருவியும் அவர் தந்ததே. அவரது வாழ்வை அறிவது பெட்டிக்குள் கிடக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்காகவும் பயன்படும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 ஆம் திகதி பேர்லினுக்கு அருகிலுள்ள பொட்ஸ்டாம் நகரில் பிறந்தார். தந்தை பாடசாலை ஆசிரியர். குடும்பத்தில் வசதி குறைவு. சிறுவயதில் நோயாளியாகப் பல காலம் படுக்கையிலும் அறையிலும் அடைபட்டிருந்த அந்தப் பிள்ளைக்கு மரக்கட்டைகளே விளையாட்டுத் துணை. அவற்றை அடுக்கியும் கலைத்தும் பார்த்ததில் வடிவங்களின் இயல்பு அவர் கைக்குப் பழகிவிட்டது. பின்னர் பாடசாலையில் கேத்திரகணிதம் கற்பித்தபோது, அங்கு சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி தமக்கு முன்பே தெரிந்திருப்பதை உணர்ந்தார். தொடர்பற்ற சொற்களை மனப்பாடம் செய்வதில் பின்தங்கிய மாணவர், கையால் தொட்டறிந்ததில் முன்னே நின்றார்.

அவரது பிள்ளைப் பருவத்து நினைவு ஒன்றும் குறிப்பிடத்தக்கது. ஒருநாள் தாயுடன் பொட்ஸ்டாம் நகரத் தேவாலயத்தைக் கடந்து சென்றபோது, கோபுரத்தின் மேல் மாடத்தில் நின்ற மனிதர்கள் அவருக்குச் சிறு பொம்மைகளாகத் தெரிந்தனர். அவற்றைக் கைநீட்டி எடுத்துத் தருமாறு தாயைக் கேட்டார். தூரத்தில் உள்ளது சிறிதாகத் தெரியும் என்ற பாடத்தை அவரது மூளை அப்போது முழுமையாகக் கற்றிருக்கவில்லை. நமது ஊவா மலைகளில் எதிர்ச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் விரலளவு உருவங்களாகத் தெரிவதைத் தோட்டத்துப் பிள்ளைகள் நாள்தோறும் காண்கிறார்கள். அம்மா பொம்மையாகிவிட்டாள் என்று அவர்களுள் யாரும் அஞ்சுவதில்லை. மலையேறி இறங்கிய கால்கள் அவர்களது மூளைக்குத் தூரத்தைக் கற்பித்துவிட்டன. பிள்ளைப் பருவத்து அந்தத் தவறை ஹெல்ம்ஹோல்ட்ஸ் மறக்கவில்லை. பல ஆண்டுகளின் பின், தமது பெருநூலில் அதையே ஒரு சான்றாக எடுத்துரைத்தார்.

அவரது விருப்பம் பௌதிகவியல். ஆனால் அதைக் கற்பிக்கத் தந்தையிடம் பணம் இல்லை. இராணுவத்தில் சில ஆண்டுகள் மருத்துவராகப் பணியாற்ற உடன்படுவோருக்குப் பேர்லினில் அரசாங்கச் செலவில் மருத்துவக் கல்வி கிடைத்தது. அந்த வழியில் அவர் மருத்துவரானார். மாணவராக இருந்தபோது கொடிய காய்ச்சலால் பாதிக்கப்பட்டு வைத்தியசாலையில் கிடந்தார். மாணவருக்கு அங்கு இலவசச் சிகிச்சை கிடைத்ததால் செலவாகாமல் மிஞ்சிய உதவித்தொகையைக் கொண்டு ஒரு நுணுக்குக்காட்டி வாங்கினார். வறுமையும் நோயும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த அந்தக் கருவியுடன் அவரது ஆராய்ச்சி தொடங்கியது. 1842 இல் பட்டம் பெற்றார். படைமுகாமில் பணியாற்றிக்கொண்டே 1847 இல், சக்தி அழிவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகிறது என்னும் விதியைக் கணித வடிவில் நிறுவும் கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26.

1849 இல் கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அவர், தவளையின் நரம்பில் செய்தி எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதை அளந்தார். அந்த வேகம் அளக்கவே இயலாத அளவு அதிகம் என்று அதுவரை எண்ணப்பட்டது. அவர் கண்ட விடை விநாடிக்கு ஏறத்தாழ 30 மீற்றர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் உணர்வதற்கும் அறிவதற்கும் காலம் செல்கிறது, உலகம் நம் மூளைக்குள் அப்படியே வந்து விழுவதில்லை என்ற சிந்தனைக்கு இது அடித்தளமிட்டது.

அடுத்த சாதனை 1850 இன் இறுதியில் வந்தது. கண்ணின் மணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்பதை மாணவருக்கு விளக்க ஆயத்தமானபோது, கண்ணுக்குள் சென்ற ஒளி வந்த வழியே திரும்புகிறது என்பதையும், பார்ப்பவரின் தலையே அந்த வழியை மறைக்கிறது என்பதையும் சிந்தித்தார். ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, அது திரும்பும் பாதையிலேயே நமது கண்ணையும் வைத்தால் உட்புறம் தெரியவேண்டும் அல்லவா? மெல்லிய கண்ணாடித் தகடுகள், வில்லை, அட்டை, பசை ஆகியவற்றைக் கொண்டு சில நாட்களில் தாமே ஒரு கருவியைச் செய்தார். உயிருள்ள மனிதரின் விழித்திரையையும் அதன் இரத்தக் குழாய்களையும் தெளிவாகப் பார்க்க அது வழிதிறந்தது. 1851 இல் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஐரோப்பாவின் கண் மருத்துவம் அதன் பின் புதுவழியில் நடந்தது. நீரிழிவு விழித்திரையைத் தின்பதையும், கண்ணின் அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுப்பதையும் இன்று காலத்தோடு கண்டுபிடிக்க முடிகிறதென்றால், அதன் வேர் அந்த அட்டைக் கருவியில் இருக்கிறது.

கோனிக்ஸ்பேர்க்கிலிருந்து 1855 இல் பான் நகருக்கும், 1858 இல் ஹைடல்பேர்க்கிற்கும் சென்றார். 1859 அவருக்குத் துயர ஆண்டு. தந்தையும் அவ்வாண்டில் மறைந்தார். பத்தாண்டு வாழ்ந்த மனைவி ஒல்காவும் நோயுற்று மறைந்தார். இரண்டு சிறு பிள்ளைகளோடு நின்ற அவர், 1861 இல் அன்னா என்ற கல்விமிக்க பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார். இசையின் இயல்பை ஆராயும் புகழ்பெற்ற நூலை 1863 இல் வெளியிட்டார். நமது சேர் சி.வி. இராமன் இளமையில் தம் சிந்தனையை உருவாக்கிய நூல்களுள் ஒன்றாக அதைக் குறிப்பிட்டிருக்கிறார். கண்ணும் பார்வையும் பற்றிய மூன்று பகுதிகளைக் கொண்ட பெருநூல் 1856 இல் தொடங்கி 1867 இல் நிறைவுற்றது. நமது மலையகத்தில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்டதும் அதே 1867 இல்தான்.

அந்த நூலின் மூன்றாம் பகுதியே நமது கதைக்குரியது. கண் தருவது வெறும் அடையாளங்களையே என்பது ஹெல்ம்ஹோல்ட்ஸின் முடிவு. விழித்திரையில் விழும் பிம்பம் தட்டையானது, தலைகீழானது. அதிலிருந்து தூரம், பருமன், திசை ஆகியவற்றை மூளை ஊகித்துக்கொள்கிறது. இந்த ஊகம் நாம் அறியாமலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிறது. அதற்கு ஆதாரம் பழைய அனுபவம். இப்படித் தெரிந்தபோதெல்லாம் கை இவ்வளவு தூரம் நீள வேண்டியிருந்தது, கால் இவ்வளவு உயர வேண்டியிருந்தது என்னும் கணக்கை மூளை சேர்த்து வைத்திருக்கிறது. அனுபவம் மாறினால் கணக்கும் மாற வேண்டும்.

மாறுகிறதா என்பதைத் தம்மிடமே பரிசோதித்தார். அரியம் எனப்படும் முப்பட்டைக் கண்ணாடிகள் இரண்டை மூக்குக்கண்ணாடிபோல் அணிந்தார். அவற்றினூடே பார்த்தால் பொருட்கள் யாவும் இடப்புறமாக விலகித் தெரியும். ஒரு பொருளை நன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். கை பொருளின் இடப்புறத்தில் வீழ்ந்தது. பின்னர் கண்ணைத் திறந்து, தமது கையைப் பார்த்தபடியே பொருட்களைச் சிறிது நேரம் தொட்டு எடுத்தார். மறுபடி கண்ணை மூடி நீட்டியபோது கை குறிதவறவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். இப்போது இயல்பான கண்ணால் பார்த்து நீட்டிய கை, பொருளின் வலப்புறத்தில் வீழ்ந்தது! மீண்டும் சிறிது நேரம் பழகிய பின்னரே பழைய நிலை திரும்பியது.

வீட்டு இஸ்தோப்பில் அமர்ந்து எவரும் செய்யக்கூடிய இந்தச் சிறு பரிசோதனை சொல்வது பெரிய செய்தி. கண்ணுக்கும் கைக்கும் இடையிலான கணக்கை, முதிர்ந்த மனிதரின் மூளைகூடச் சில நிமிடங்களில் திருத்தி எழுதுகிறது. கழற்றிய பின் மறுபக்கம் தவறும் கை, அந்தத் திருத்தம் மூளையில் பதிந்துவிட்டதற்குச் சாட்சி.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1871 இல் பேர்லினில் பௌதிகவியல் பேராசிரியரானார். வறுமையால் தவறவிட்ட துறைக்கு ஐம்பதாவது வயதில் வந்து சேர்ந்தார். வானொலி அலைகளைக் கண்டறிந்த ஹேர்ட்ஸ் அவரது மாணவர். 1883 இல் பிரபுப் பட்டம் பெற்றார். ஜேர்மனியின் தேசிய பௌதிக ஆய்வு நிறுவனத்தின் முதல் தலைவருமானார். 1893 இல் சிக்காகோ நகருக்குச் சென்று திரும்பும்போது கப்பலின் படிகளில் தவறி வீழ்ந்து தலையில் காயமுற்றார். அதன் பின் உடல்நலம் பழையபடி தேறவில்லை. 1894 செப்டெம்பர் 8 ஆம் திகதி, 73 ஆவது வயதில் மறைந்தார்.

அவரது கேள்வி அவரோடு மறையவில்லை. 1890களில் அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் ஸ்ட்ராட்டன், உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லையை ஒரு கண்ணில் அணிந்து, மறு கண்ணை மூடிக்கொண்டு எட்டு நாட்கள் வாழ்ந்தார். முதல் நாட்களில் தடுமாற்றமும் குமட்டலும். நாட்கள் செல்லச் செல்ல நடையும் கைவேலையும் சீரடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒஸ்ட்ரியாவின் இன்ஸ்புருக் நகரில் எரிஸ்மானும் கோலரும் இதை வாரக்கணக்கில் நீடித்துப் பார்த்தனர். அத்தகைய கண்ணாடியோடு மிதிவண்டி ஓட்டும் அளவுக்கு மனிதர் பழகிக்கொண்டனர். உலகம் உண்மையிலேயே நிமிர்ந்து தெரியத் தொடங்குகிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்த கருத்துடையவர்களல்லர். உடல் தன் வேலையைத் திருத்திக்கொள்கிறது என்பதில் ஐயமில்லை.

1961 இல் வெளியான ரிச்சர்ட் ஹெல்ட் குழுவினரின் ஆய்வு நமக்கு மிகவும் பயன்படுவது. அரியக் கண்ணாடி அணிந்து தாமே நடந்து திரிந்தவர்கள் பழகிக்கொண்டனர். அதே கண்ணாடியோடு சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளிச் செல்லப்பட்டவர்களுக்கு அவ்வாறு பழக்கம் ஏற்படவில்லை. கண்டது இருவகையினரும் ஒன்றே. நடந்தவரின் மூளையே கற்றது. மரக்கட்டை அடுக்கி வடிவம் கற்ற பொட்ஸ்டாம் சிறுவன் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்கமாட்டான்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூறிய யாவும் நிலைபெற்றுவிடவில்லை. இடவுணர்வு பிறவியிலேயே உண்டு என்று வாதிட்ட எவல்ட் ஹேரிங் அவரது காலத்திலேயே அவரை எதிர்த்தார். பார்வையின் அடிப்படை அமைப்புகள் பல பிறக்கும்போதே இருக்கின்றன என்பது இன்று தெளிவு. அத்துடன் 1960களில் ஹியூபெல், வீசல் ஆகியோர் பூனைக்குட்டிகளில் நடத்திய ஆய்வுகள், குழந்தைப் பருவத்தில் ஒரு கண் மறைக்கப்பட்டால் மூளையில் அதற்குரிய இடத்தை மற்றைய கண் பிடித்துக்கொள்ளும் என்பதைக் காட்டின. இருவரும் 1981 இல் நோபல் பரிசு பெற்றனர். பெரியவர்களின் மூளை கற்கும். ஆனால் பிள்ளைப் பருவத்தில் தவறவிட்டதை எல்லாம் பின்னால் மீட்டுவிட முடியாது. மாறுகண்ணோ ஒரு கண்ணில் மங்கலோ உள்ள பிள்ளையை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவைப்பது ஆபத்து. தோட்டப் பாடசாலைகளில் கண் பரிசோதனை இளம் வகுப்புகளிலேயே நடப்பது இதனால் இன்றியமையாதது.

மீண்டும் நமது முதியோரிடம் வருவோம். வெண்புரை நீக்கும் சிகிச்சையில் கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்துவது பரவலாவதற்கு முன்னர், சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி என்று நம்மவர் சொல்லும் தடித்த கண்ணாடியே கிடைத்தது. அதனூடே பொருட்கள் ஏறத்தாழக் கால் பங்கு பெரிதாகத் தெரியும். கதவு நிலை வளையும். கோப்பை இருக்கும் இடத்துக்கு முன்னாலேயே கை நின்றுவிடும். அப்படியிருந்தும் அந்தக் கண்ணாடியோடு பலர் பழகி வாழ்ந்தனர். ஹெல்ம்ஹோல்ட்ஸின் பரிசோதனையை அவர்கள் தம் அன்றாட வாழ்விலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

இன்று வில்லை கண்ணுக்குள் இருப்பதால் அந்தத் தடுமாற்றம் பெரிதும் குறைந்துவிட்டது. வேறு மாற்றங்கள் உண்டு. முதிர்ந்த விழிவில்லை மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்கிறது. அது நீங்கியதும் வெள்ளை வேட்டி நீலம் போட்டதுபோல் தெரிவதாகச் சிலர் சொல்வார்கள். வெள்ளை எது என்ற கணக்கை மூளை பல மாதங்கள் வரை சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்வதை 2004 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எழுபது, எண்பது வயதிலும் மூளை தன் நிறக்கணக்கைத் திருத்திக்கொள்கிறது என்பது ஆறுதலான செய்தி.

எச்சரிக்கையும் உண்டு. 2007 இல் அவுஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்தோரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு வெளியானது. கண் பரிசோதித்துப் புதிய கண்ணாடி முதலிய உதவிகள் பெற்றவர்களே மற்றவர்களைவிட அதிகமாக வீழ்ந்தனர். புதிய பார்வைக்குப் பழகும் இடைக்காலமே அதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். லயத்து வாசற்படியும் மழையில் பாசி பிடித்த கல்லும் தேயிலைச் சரிவும் நிறைந்த நமது சூழலில் இது மேலும் பொருந்தும். கற்கும் நாட்களில் கைத்தடியோ பேரப்பிள்ளையின் தோளோ வேண்டும். இரட்டை வில்லைக் கண்ணாடி அணிந்தோர் படியிறங்கும்போது, வாசிக்கும் கீழ்ப்பகுதியினூடே படியைப் பார்க்காமல் தலையைக் குனிந்து மேற்பகுதியால் பார்க்கவேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. புதிய கண்ணாடியை வீட்டுக்குள்ளும் சமதரையிலும் அணிந்து பழகத் தொடங்கலாம். அணிந்தபடி அமர்ந்திராமல், அரிசி புடைக்கவும் பாத்திரம் அடுக்கவும் முற்றத்தில் நடக்கவும் வேண்டும். கை போகும் இடத்தைக் கண் பார்க்கும்போதுதான் மூளை கற்கிறது. ஒருநாள் அணிந்து ஒருநாள் கழற்றுவது பழக்கத்தைத் தாமதப்படுத்தும். இரண்டு வாரங்கள் கடந்தும் தடுமாற்றம் குறையாவிட்டால் கண்ணாடியைப் பெட்டியில் வைக்காமல், கையோடு எடுத்துக்கொண்டு பரிசோதித்தவரிடமே திரும்பச் செல்லவேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் வலி, கடும் சிவப்பு, பார்வை குறைதல், திடீரென இரட்டையாகத் தெரிதல் ஆகியன பழக்கக் குறைவால் வருபவையல்ல. அவற்றுக்கு ஒருநாள்கூடத் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இந்தச் சில வார்த்தைகளைக் கிளினிக்கிலேயே தமிழில், முதியோருக்குப் புரியும்படி சொல்ல ஒருவர் இருந்தால் போதும். தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் லயத்துக்கு வரும்போது, கண்ணாடி எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பத்து நிமிடத்தில் முடியும் சத்திரசிகிச்சைக்குப் பின்னால் அரசாங்கத்தின் செலவும் வைத்தியரின் உழைப்பும் அந்த முதியவரின் நெடும் பயணமும் இருக்கின்றன. அறிவுரை இல்லாமையால் அவை வீணாகலாகாது.

வயது போய்விட்டது, இனி என்ன பழக்கம் என்று நமது முதியோர் தம்மைத் தாமே கைவிட்டுவிடுவது வழக்கம். கைகளால் தொட்டும் கால்களால் நடந்தும் மனிதன் இறுதிவரை பார்க்கக் கற்கிறான் என்பதே ஹெல்ம்ஹோல்ட்ஸ் விட்டுச்சென்ற பாடம். வாழ்நாள் முழுவதும் மலைச்சரிவில் கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரு நொடியில் பிரித்தறிந்த கண்களுக்கும் கைகளுக்கும் கற்பது புதிதன்று. அவர்களுக்கு வேண்டியது இரண்டு வாரப் பொறுமையும், பக்கத்தில் ஒரு துணையும்.